கோவா போகிறீர்களா? எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று முதலில் பாருங்கள்!

மடகாவ் ரெயில் நிலையம். காலை மணி பத்தைத் தாண்டிவிட்டது. மும்பையிலிருந்து இரவு முழுவதும் ஓடி வந்த கொங்கண் கன்யா எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்தில் நிற்கிறது. தோளில் பையும் கையில் செல்போனுமாக இறங்கும் வாலிபர் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சும் காதில் விழுகிறது. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு என்று ஏதோ ஒரு பக்கத்துப் பிள்ளைகள். மூன்று நாள் லீவு. ஆறு மாதமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

வெளியே வந்ததும் முதல் கேள்வி: "கலங்கூட் பீச் எந்தப் பக்கம்?"

பதிலைக் கேட்டதும் முகம் வாடிவிடுகிறது. கலங்கூட் வடக்கே இருக்கிறது. மடகாவிலிருந்து 45 கிலோ மீட்டருக்கு மேல். அதற்கு இறங்க வேண்டிய திவிம் நிலையத்தை இதே வண்டி ஒரு மணி நேரத்துக்கு முன்பே கடந்து வந்துவிட்டது. அப்போது எல்லோரும் மேல் பெர்த்தில் நல்ல தூக்கம்! இனி டாக்சி பிடித்தால், கேட்கிற கூலியில் ஒரு ஆளின் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு போய்விடும். பஸ்சில் போகலாம், ஆனால் மூன்று பஸ் மாறவேண்டும். கடலைப் பார்க்கு முன்பே அரை நாள் காலி.

ஒவ்வொரு சீசனிலும் இது நடக்கிறது. ஊரைப் பற்றிய ஒரு சின்ன விவரம் தெரியாததுதான் காரணம்.

கோவா ஒரு ஊர் அல்ல

"கோவாவுக்கு ஒரு டிக்கெட்" என்று கவுண்டரில் கேட்பவர்கள் இன்றும் உண்டு. கோவா என்ற பெயரில் ஒரு ரெயில் நிலையம் கிடையாது. கோவா ஒரு மாநிலம். பரப்பு 3,702 சதுர கிலோ மீட்டர். வடக்கே பெர்னெம் தொடங்கி தெற்கே காணகோணா வரை, கடலோரமாகவே சுமார் 100 கிலோ மீட்டர் நீளம். போர்த்துக்கீசியரிடமிருந்து 1961 டிசம்பர் 19-ந்தேதி விடுபட்டு, 1987 மே 30-ந்தேதி தனி மாநிலமானது.

கொங்கண் ரெயில் பாதையில் வடக்கிலிருந்து வரும்போது பெர்னெம், திவிம், கர்மாலி, மடகாவ், காணகோணா என்று நிலையங்கள் வரிசையாக வரும். இவற்றை மனப்பாடம் செய்து கொண்டாலே பாதிப் பணம் மிச்சம்.

கலங்கூட், பாகா, அஞ்சுணா, வாகத்தூர் போகிறவர் திவிமில் இறங்கவேண்டும். அங்கிருந்து மாபுசா பஸ் நிலையம்; மாபுசாவிலிருந்து எல்லா வடக்குக் கடற்கரைக்கும் மினி பஸ் உண்டு. (பலகையில் மாபுசா என்று எழுதியிருந்தாலும் ஊர்க்காரர்கள் வாயில் அது "மாப்சா". கண்டக்டர் "மாப்சா, மாப்சா" என்று கூவும்போது வேறு ஊர் என்று நினைத்து ஏறாமல் நின்றுவிடக் கூடாது.) தலைநகர் பணஜிக்கும் பழைய கோவா மாதா கோவில்களுக்கும் கர்மாலி. கோல்வா, பெனாலிம் கடற்கரைகளுக்கு மடகாவ். தெற்குக் கோடியில் பிறை நிலா போல் வளைந்து கிடக்கும் பாலோலெம் போக காணகோணா. நிலையத்திலிருந்து சில கிலோ மீட்டர்தான்.

எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்காது. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த வண்டி?

மும்பையிலிருந்து போக வண்டிக்குப் பஞ்சமில்லை. டிக்கெட்டுக்குத்தான் பஞ்சம்.

வி.டி. என்று நம்மவர்கள் இன்னும் சொல்லும் சத்ரபதி சிவாஜி நிலையத்திலிருந்து இரவு பதினொரு மணி அளவில் கொங்கண் கன்யா புறப்படுகிறது. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு ஏறலாம் என்பதால் இதற்குத்தான் அடிதடி. காலையில் கிளம்பும் மாண்டவி எக்ஸ்பிரஸ் பகல் முழுவதும் ஓடி இரவில் மடகாவ் சேரும். பாதையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை. வண்டிக்குள் விற்கும் பலகாரத்துக்கும் மாண்டவி பெயர் பெற்றது. விடியற்காலையில் புறப்படும் ஜன சதாப்தியில் உட்காரும் இரண்டாம் வகுப்பு இருக்கிறது. கட்டணமும் குறைவு, பிற்பகலில் போய்ச் சேர்ந்தும் விடலாம். 2017-ல் வந்த தேஜஸ், 2023 ஜூனில் வந்த வந்தே பாரத் இரண்டும் வேகமானவை. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிறவர் கட்டணத்தைப் பார்த்துவிட்டு ஏறவேண்டிய வண்டிகள் அவை.

குர்லா பக்கமுள்ள லோக்மான்ய திலக் நிலையத்திலிருந்து மங்களூருக்கும் கேரளத்துக்கும் போகும் வண்டிகளும் மடகாவ் வழியாகவே செல்கின்றன. சயான், செம்பூர்வாசிகளுக்கு அது பக்கம்.

நெல்லைச் சீமைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குஜராத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வாராந்திர வண்டிகள் வசாய் ரோடு, பன்வெல், மடகாவ் வழியாகக் கொங்கண் பாதையில்தான் ஓடுகின்றன. ஊருக்குப் போகிற வழியில் இரண்டு நாள் கோவாவில் தங்க நினைப்பவர், மடகாவ் வரை ஒரு டிக்கெட்டும், அங்கிருந்து ஊருக்கு வேறு வண்டியில் ஒரு டிக்கெட்டுமாக எடுத்துக்கொள்ளலாம். வாஸ்கோடகாமாவிலிருந்து வேளாங்கண்ணிக்கு நேர் வண்டியே விடப்பட்டிருக்கிறது. கோவாக்காரர்கள் மாதாவைத் தேடி நாகப்பட்டினம் பக்கம் போக, நம்மவர்கள் கடற்கரை தேடி இங்கே வருகிறார்கள்.

புனேவாசிகளுக்கு வேறு வழி. நிஜாமுதீனிலிருந்து வரும் கோவா எக்ஸ்பிரஸ் புனே, மிரஜ், லோண்டா வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையில் இறங்கி வாஸ்கோ போகிறது. இந்த மலைப் பாதையில்தான் 310 மீட்டர் உயரத்திலிருந்து பால் கொட்டுவதுபோல் விழும் தூத்சாகர் அருவி, ஜன்னலை உரசிக்கொண்டு வருகிறது. வண்டியிலிருந்து பார்ப்பதோடு சரி. தண்டவாளத்தில் நடந்து போய் அருவியில் குளிப்பது ரெயில்வே சட்டப்படி குற்றம். 2023 ஜூலையில் தடையை மீறி நடந்து போனவர்களை ரெயில்வே பாதுகாப்புப் படையினர் வரிசையாக நிற்கவைத்து தோப்புக்கரணம் போடவைத்த படம் நாடு முழுவதும் பரவியது. பிள்ளையார் முன்னால் போடவேண்டியதைப் போலீசார் முன்னால் போட நேர்ந்தது!

பஸ்சில் போவோரும் உண்டு. தாதர், சயான், போரிவிலியிலிருந்து இரவில் படுக்கை வசதியுள்ள தனியார் பஸ்கள் கிளம்புகின்றன. மும்பை - கோவா நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டே போவதால், நேரத்துக்குப் போய்ச் சேர்வது சாலையின் இஷ்டம்.

கடல் தெரியாத கடலோர ரெயில்

"என்னலே, கடலோரம் போற வண்டின்னு சொன்னே, கடலையே காணோமே?" என்று முதல் தடவை போகிறவர் கேட்பது சகஜம். கொங்கண் ரெயிலில் கடல் பெரும்பாலும் கண்ணில் படாது. மலையும், குகையும், கழிமுகமும், நெல் வயலும்தான். ஆனால் அந்தப் பாதையே பார்க்க வேண்டிய காட்சி.

ரோகாவிலிருந்து மங்களூர் அருகே தோக்கூர் வரை 740 கிலோ மீட்டர் அளவுக்கு நீளும் இந்தப் பாதையின் வேலை 1990-ல் தொடங்கி, 1998 ஜனவரி 26-ந்தேதி முழுமையாகத் திறக்கப்பட்டது. குகைகள் மட்டும் 90-க்கு மேல். பாலங்கள் பெரிதும் சிறிதுமாக சுமார் 2,000. ரத்னகிரி அருகே கர்புடே குகை ஆறரை கிலோ மீட்டர் நீளம். அதே பக்கத்தில் பன்வல் ஆற்றுப் பாலம் 64 மீட்டர் உயரம். கட்டி முடித்த குழுவுக்குத் தலைவர் ஈ.ஸ்ரீதரன். 1964 புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் ஓட வைத்தவரும் இவர்தான் என்பதை ராமநாதபுரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

டிக்கெட்டைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். மும்பையிலிருந்து மடகாவுக்கு உள்ள தூரம் உண்மையில் 600 கிலோ மீட்டருக்கும் குறைவு. டிக்கெட்டில் 700-க்கு மேல் அச்சாகியிருக்கும். அச்சுப் பிழை அல்ல. மலையைக் குடைந்து போட்ட பாதையின் செலவை ஈடுகட்ட, கொங்கண் பகுதியில் தூரத்தைக் கூட்டிக் கணக்கிட்டே கட்டணம் வாங்குகிறார்கள்.

மழைக் காலத்தில் வண்டிகள் மெதுவாகப் போகும். ஜூன் மத்தியிலிருந்து அக்டோபர் வரை கால அட்டவணையே வேறு. 2003 ஜூனிலும் 2004 ஜூனிலும் மழையில் பாறை சரிந்து பயணிகள் வண்டிகள் விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்தார்கள். அதன் பிறகு மழை மாதங்களில் வேகம் குறைக்கப்பட்டது. ரோந்துக்காரர்கள் கொட்டும் மழையில் விளக்கோடு தண்டவாளம் பார்த்து நடக்கிறார்கள். வண்டி தாமதம் என்று சலித்துக்கொள்ளும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளலாம்.

இறங்கும் இடமும் ஏறும் இடமும்

திவிமுக்கு டிக்கெட் கிடைக்காதபோது மடகாவ் வரை எடுத்துவிட்டு, வழியில் திவிமில் இறங்கிவிடுவது பலர் செய்யும் வேலை. போகும்போது இதில் தவறில்லை. திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிக்கெட் மடகாவிலிருந்து; ஆள் ஏறுவது திவிமில். மடகாவில் அந்தப் படுக்கை காலியாக இருப்பதைப் பார்க்கும் பரிசோதகர், ஆள் வரவில்லை என்று குறித்து வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, விதி அப்படி. ஆகையால் ஏறும் நிலையத்தை முதல் நாளே திவிம் என்று மாற்றிவிட வேண்டும். செல்போனில் இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு கழிவறை ஓரத்தில் உட்கார்ந்து வந்த குடும்பங்கள் உண்டு.

இப்போது 60 நாளைக்கு முன்பே முன்பதிவு தொடங்குகிறது. அனுபவசாலிகள் திரும்பும் டிக்கெட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். போவதற்கு ஆயிரம் வழி. ஞாயிற்றுக்கிழமை மாலை கோவாவிலிருந்து திரும்புவதற்கு ஒரு வழியும் இருக்காது. தட்கல் டிக்கெட் முதல் நாள் காலை குளிர்சாதன வகுப்புக்கு 10 மணிக்கும், சாதாரண படுக்கை வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கும். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசி வரை காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணம்தான். அபராதம் கட்டவேண்டி வரும்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டே சுற்ற வேண்டியதில்லை. மடகாவ் நிலையத்தில் பொருள் வைக்கும் அறை இருக்கிறது. பைக்குப் பூட்டு இருக்கவேண்டும், பயண டிக்கெட்டைக் காட்டவேண்டும். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். கிளம்பும்போதே ஒரு சின்னப் பூட்டைப் பையில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

பஸ்சும் படகும் "பைலட்"டும்

கோவாவில் டாக்சி விலை அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. மும்பையில் கூப்பிட்டால் ஓடிவரும் செல்போன் டாக்சிகள் இங்கே அப்படிக் கிடைப்பதில்லை. டாக்சிக்காரர்களுக்கும் செல்போன் சேவைகளுக்கும் நடுவே பல ஆண்டுகளாகத் தகராறு. 2018-ல் அரசு ஆதரவுடன் வந்த கோவா மைல்ஸ் சேவைதான் அப்படி ஓரளவு கிடைப்பது.

ஆனால் டாக்சி இல்லாமலே கோவா முழுவதும் சுற்றலாம்.

முதலாவது, கதம்பா பஸ். 1980-ல் தொடங்கிய அரசு போக்குவரத்துக் கழகம். ஒரு காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட கதம்ப மன்னர்களின் பெயர். பணஜி - மடகாவ், பணஜி - மாபுசா, பணஜி - வாஸ்கோ தடங்களில் நடுவில் எங்கும் நிற்காத பஸ்கள் அடிக்கடி ஓடுகின்றன. இவற்றுக்கு பஸ்சில் டிக்கெட் தரமாட்டார்கள். கவுண்டரில் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டும். தெரியாமல் நேராக ஏறிப்போய் இடம் பிடித்தவர் இறங்கி வந்து வரிசையின் கடைசியில் நிற்க நேரும். மற்ற ஊர்களுக்குத் தனியார் மினி பஸ்கள். நெரிசலாக இருக்கும், பாட்டு அலறும், கட்டணம் கொஞ்சம்தான்.

இந்தப் பஸ்களில் ஒரே ஒரு கண்ணி இருக்கிறது. இருட்டினால் காணாமல் போய்விடும். இரவு எட்டு மணிக்கு மேல் கடற்கரை ஊர்களிலிருந்து பஸ் குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். சூரிய அஸ்தமனம் பார்த்து, மணலில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்து ஒன்பதரைக்குச் சாலைக்கு வருகிறவர் டாக்சிக்காரரின் கையில் விழுவது நிச்சயம். பஸ்சில் இறங்கியவுடன் கண்டக்டரிடம் "திரும்ப கடைசி பஸ் எப்போது?" என்று கேட்டுவிட்டு மணலுக்குப் போகவேண்டும். மும்பைத் தமிழருக்கு வரும் இந்தியும் அரைகுறை மராத்தியும் இதற்குத் தாராளம். கொங்கணிக்காரருக்கு இரண்டும் புரியும்.

இரண்டாவது, "பைலட்". விமானம் ஓட்டுகிறவர் அல்ல. மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவர். மஞ்சளும் கருப்புமாக இருக்கும் வண்டி. பின்னால் ஒரு ஆள் மட்டும். இந்தியாவின் மற்ற நகரங்கள் செல்போனில் பைக் டாக்சியைக் கண்டுபிடிப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே கோவாவில் பைலட்டுகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை, பஸ் நிறுத்தத்திலிருந்து கடற்கரை வரை என்று சின்ன தூரங்களுக்குத் தனி ஆளுக்கு ஏற்றது. உட்காருமுன் கூலியைப் பேசிவிட வேண்டும். உட்கார்ந்த பிறகு பேசுவது பேச்சல்ல.

மூன்றாவது, படகு. மாண்டவி ஆற்றில் பணஜிக்கும் பேத்திமுக்கும் இடையே அரசு படகு போய்வருகிறது. ஆளும் வண்டியும் ஒன்றாக ஏறும் தட்டையான இரும்புப் படகு. நடந்து ஏறுபவருக்குக் கட்டணம் இல்லை. மேலே பாலங்கள் வந்துவிட்ட பிறகு இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். 1970-ல் திறந்த மாண்டவிப் பாலம் 1986 ஜூலை 5-ந்தேதி இடிந்து விழுந்தது. வடக்குக் கோவாவையும் தலைநகரையும் அப்போது கட்டிக் காத்தவை இந்தப் படகுகள்தான். புதுப் பாலம் வர 1992 ஆயிற்று; 2019-ல் மூன்றாவதாக அடல் சேது திறந்தார்கள். மாலை வெயிலில் காசில்லாமல் ஒரு தடவை போய்த் திரும்பினால், பணம் கொடுத்து ஏறும் பாட்டுக் கூத்துப் படகை விட மனசுக்கு நன்றாயிருக்கும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர்களே இன்று அதிகம். இரண்டு பேருக்கு அது லாபம்தான். ஆனால் நம்பர் பிளேட்டைப் பார்த்து எடுக்கவேண்டும். கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை என்றால் யாரோ ஒருவர் தன் சொந்த வண்டியை விடுகிறார். போலீசார் நிறுத்தினால் அபராதம், விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் தகராறு, இரண்டும் ஓட்டியவர் தலையில் விழும். லைசென்சும் ஹெல்மெட்டும் அவசியம். வண்டியை எடுக்கும்போதே பழைய கீறல்களைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது, திருப்பிக் கொடுக்கும்போது வரும் சண்டையைத் தவிர்க்கும்.

எங்கே தங்குவது?

கடற்கரையிலேயே அறை எடுக்கவேண்டும் என்ற ஆசையை விட்டால் பாதிக் கூலி மிச்சம். மாபுசா, பணஜி, மடகாவ் ஆகிய ஊர்களில் பஸ் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் எளிய லாட்ஜுகள் இருக்கின்றன. காலையில் பஸ் ஏறினால் அரை மணி, முக்கால் மணியில் கடல். டிசம்பர் கடைசி வாரமும் புத்தாண்டும் ஏழைக்கான நாட்கள் அல்ல. எல்லா விலையும் இரட்டிப்பு. ஜனவரி பாதிக்குப் பிறகும் பிப்ரவரியிலும் கடல் அமைதியாகவே இருக்கும், அறையும் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கும் பஸ் நிலையப் பக்கமே சரி. மத்தியானம் சோறும் மீன் குழம்பும் ஒரு பொரித்த மீனும் வைத்துத் தரும் சின்னக் கடைகளில் உள்ளூர்த் தொழிலாளிகள் கூட்டமாக இருப்பார்கள். தேங்காயும் புளிப்பும் சேர்ந்த அந்தக் குழம்பு, நாகர்கோவில் பக்கத்து நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது.

சவேரியாரைப் பார்க்க

கடற்கரைக்கு வந்தவர்கள் அரை நாள் ஒதுக்கவேண்டிய இடம் பழைய கோவா. பணஜியிலிருந்து பஸ்சில் அரை மணி நேரத்துக்குள். கர்மாலி நிலையமும் பக்கத்தில்.

அங்கே பாம் ஜீசஸ் ஆலயத்தில் வெள்ளிப் பேழையில் இருப்பது தூய சவேரியாரின் உடல். 1542 முதல் 1544 வரை தூத்துக்குடி, மணப்பாடு முத்துக்குளித்துறைப் பரதவர் மத்தியில் வாழ்ந்து பணி செய்தவர். 1552 டிசம்பர் 3-ந்தேதி சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். உடல் 1554-ல் கோவா வந்து சேர்ந்தது. பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள் பார்வைக்கு இறக்கி வைப்பார்கள். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை வைத்தார்கள். அவர் திருநாளான டிசம்பர் 3-ல் எந்த ஆண்டும் கூட்டம் நெரியும். உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆனால் கடற்கரையில் போட்ட அரைக்கால் சட்டையோடு போனால் வாசலில் தடுத்து நிறுத்தப்படலாம்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் புனித பவுல் கல்லூரியின் வாசல் வளைவு மட்டும் தனியாக நிற்கிறது. 1556-ல் இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் அமைந்த இடம் அந்தக் கல்லூரி. அடுத்த இருபது ஆண்டில் தமிழ் எழுத்துக்கும் கோவாவில் அச்சு வார்த்தார்கள். 1578-ல் கொல்லத்தில் தமிழ் நூலே அச்சாகிவிட்டது. இந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்திருக்கும் வாசகர் ஒரு நிமிஷம் அந்த வளைவின் கீழ் நின்றுவிட்டு வரலாம்.

அதே பாதையில் போண்டா பஸ்சில் மேலும் போனால் மங்கேஷி சிவன் கோவில். லதா மங்கேஷ்கர் குடும்பத்தின் பூர்வீக ஊர். பணஜிக்கு அடுத்துள்ள டோனா பவுலா துறை, கே.பாலசந்தர் இயக்கி கமல்ஹாசன் நடித்து 1981-ல் வெளிவந்த "ஏக் தூஜே கே லியே" இந்திப் படத்தால் புகழ் பெற்றது. அந்தப் படத்தை மாதுங்காவில் பார்த்த தலைமுறை இன்று பேரப்பிள்ளைகளோடு அங்கே போய் நிற்கிறது.

கடல் யாருக்கும் சொந்தமல்ல

இனி, டிக்கெட்டைவிடவும் பணத்தைவிடவும் முக்கியமான விஷயம்.

2018 ஜூன் மாதம் ஒரே நாளில், தமிழ்நாட்டிலிருந்து கோவா சென்ற 2 பேர் கடலில் இறந்தார்கள். ஒருவர் பாகாவில், மற்றவர் சிங்கேரிமில். பாறை மேல் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தபோது அலை வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு 24 இடங்களைச் செல்பி எடுக்கக் கூடாத இடங்களாக உயிர் காப்பாளர்கள் குறித்தார்கள்.

"நமக்குக் கடல் புதுசா? தூத்துக்குடியிலே பிறந்தவன்டா" என்ற பேச்சு அங்கே செல்லாது. தூத்துக்குடிக் கடலுக்கு இலங்கை மறைப்பு உண்டு. கோவாவின் அரபிக் கடலுக்கு மறைப்பு ஒன்றும் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று நேராக வந்து மோதுகிறது. இந்த நான்கு மாதமும் கடலில் இறங்கவே கூடாது. கரையில் நின்று பார்க்கலாம். அதுவும் தள்ளி நின்று.

மற்ற மாதங்களிலும் விதி உண்டு. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள் நடப்பட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்கலாம். தனிச் சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. 2008 முதல் பெரிய கடற்கரைகளில் பயிற்சி பெற்ற உயிர் காப்பாளர்கள் பகலில் காவல் இருக்கிறார்கள். அவர்கள் விசில் ஊதினால் வேடிக்கைக்கு அல்ல. பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரில் கால் வைப்பவருக்கு உதவ ஆள் இருக்கும் என்று நம்ப முடியாது.

பார்வைக்கு அமைதியாக இருக்கும் இடமே ஆபத்து. இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் அலையில்லாமல் தண்ணீர் கலங்கலாக இருந்தால், அங்கே தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடுகிறது என்று அர்த்தம். குளிக்க வசதியான இடம் என்று நினைத்து அதில் இறங்குகிறவர்களைத்தான் கடல் இழுத்துப் போகிறது. அப்படி இழுக்கும்போது கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கை ஓய்ந்து மூழ்குவது அதனால்தான். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டவேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வரவேண்டும். ஒருவர் இழுபடுவதைப் பார்த்து நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பது, ஒரு வீட்டில் விழவேண்டிய இடியை நான்கு வீட்டில் விழவைக்கும். மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு, காப்பாளரைக் கூப்பிடவேண்டும். பாகாவில் ஓடை கடலில் கலக்கும் இடத்தில் தனிக் கவனம் தேவை.

குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மும்பையை விட மது விலை குறைவு என்பதற்காகவே போகிறவர்கள் உண்டு என்பது ஒளித்து வைக்கும் செய்தி அல்ல. கடற்கரையில் பகிரங்கமாகக் குடிப்பதற்கு 2019-ல் சட்டம் திருத்தி தனி ஆளுக்கு 2,000 ரூபாய், கும்பலுக்கு 10,000 ரூபாய் என அபராதம் வைத்தார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பாட்டில்களைப் பையில் சுற்றி மகாராஷ்டிரத்துக்குக் கொண்டு வருவதும் குற்றம். எல்லையில் கலால் துறையினர் பையைத் திறந்து பார்க்கிறார்கள். முந்திரிப் பருப்பு வாங்கி வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், வீட்டிலும் சந்தோஷப்படுவார்கள்.

ஆபத்து என்றால் 108, 112 ஆகிய எண்கள்.

திரும்பும் நாளன்று கடைசி நிமிடம் வரை கடற்கரையில் இருக்கவேண்டாம். கோவாவின் சாலைகள் குறுகல். மாலையில் கலங்கூட்டிலிருந்து மாபுசா வருவதற்குள்ளேயே வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும். மதியச் சாப்பாட்டை முடித்ததும் பஸ் ஏறிவிட்டால், ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் சும்மா உட்காரலாம். மாலையில் மடகாவை விட்டுப் புறப்படும் கொங்கண் கன்யா விடியற்காலையில் தாதருக்கு வந்துவிடும். அங்கே இறங்கி லோக்கல் பிடித்தால் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு நேரத்தோடு கார்டு அடிக்கலாம்.